இரண்டு கரையிலும் செல்லாத கல்யாணம்

பெப்ரவரி 2, திங்கள்

சியாமளா இந்த நாட்குறிப்பை வாங்கித் தந்ததற்குக் காரணம் அன்பு அல்ல. "உங்கட வாயால வாறதில பாதியை இதுக்குள்ள கொட்டுங்கோ. என்ர காது கொஞ்சம் ஆறட்டும்" என்றாள். இருபத்தாறு வருடம் என்னோடு குடித்தனம் நடத்திய காது. ஓய்வு கேட்பதில் தப்பில்லை.

ஆகவே அறிமுகம். சோமசேகரக் குருக்கள், வயது ஐம்பத்து நான்கு, ஒட்டாவா. திங்கள் முதல் வெள்ளி வரை சக்கர நாற்காலி ஏற்றுகிற வான் ஓட்டி, வயோதிபர்களை வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொண்டுவருகிறேன். சனி ஞாயிறில் கல்யாணம், குடிபூரல், காதுகுத்து. வானில் என் பெயர் 'சோம்'. கோவிலில் 'ஐயா'. ஒன்ராறியோ மாகாணம் தந்த அட்டையில் மட்டும் 'வணக்கத்துக்குரிய'. திருமணம் செய்துவைத்துப் பதிவு செய்ய அதிகாரம் பெற்றவர் என்று அதில் போட்டிருக்கிறது. வான் ஓட்டும் அனுமதிப்பத்திரமும் இருக்கிறதுதான். ஆனால் அதிலுள்ள படத்தைப் பார்த்தால் ஆடு களவெடுத்துப் பிடிபட்டவன் மாதிரி இருப்பேன்.

இன்று மத்தியானம் நிரோஜினி அழைத்தாள். நாலு வருடத்துக்கு முன், ஒரு தை மாதத்தில் நான் தாலி கட்டிவைத்த பிள்ளை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கியூபெக் மாகாணத்தில், கற்றினோவில் இருக்கிறார்கள்.

"ஐயா, கேதீஸுக்குக் கணையத்தில கான்சராம். பரவியிட்டுதாம். ஆஸ்பத்திரியில வைச்சிருக்கினம். ஒருக்கா வர ஏலுமோ? ஒரு பேப்பர் விசயம் கதைக்க வேணும்."

கேதீஸ் அவள் புருசன், வயது நாற்பத்தொன்று. என்னை விடப் பகிடிக்காரன். சிவப்பு விளக்கில் நின்ற வானை, விளக்கு மாறியும் எடுக்கவில்லை. பின்னால் இருந்த கிழவி, "சோம், இந்த ஊரில் பச்சை விளக்குக்கும் நிற்க வேணுமா?" என்று கேட்டாள்.

பெப்ரவரி 3, செவ்வாய்

போனேன். கற்றினோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதி கேதீஸ்தான் கிடந்தான். வாய் மட்டும் முழுசாக இருந்தது.

"வாங்கோ ஐயா. என்ன, என்ர அந்தியேட்டிக் கிரியைக்கு இப்பவே அளவெடுக்க வந்தனீங்களோ?"

நிரோஜினி அவன் காலில் ஒன்று போட்டாள், மெதுவாக.

விசயம் இதுதான். உயில் எழுத நொத்தாரிசு ஒருத்தியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த மதாம் கல்யாணச் சான்றிதழைக் கேட்டாள். அதில் 'நடந்த இடம்: கோவில், ஒட்டாவா' என்று இருக்கிறது. நிரோஜினி வெள்ளை மனதாக, "கோவிலில இல்லை மதாம், இஞ்சதான், ஆத்தங்கரை ஹோலில" என்றிருக்கிறாள். மதாம் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

நடந்ததை எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் குளிரில் கோவில் மண்டபத்துத் தண்ணீர்க் குழாய் வெடித்து மணவறை மிதந்தது. முகூர்த்தத்தை மாற்ற முடியாது. கிடைத்த ஒரே மண்டபம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தைக் கடக்க ஏழு நிமிடம். என் அட்டை ஒன்ராறியோவுக்குள் மட்டும் செல்லும்.

இனி என் பழக்கம். மணவறையில் என் கை முழுக்க நெய். ஒருமுறை நெய் பட்ட பதிவுப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெயர், நாள், இடம் எல்லாம் எழுதி, கோவில் முத்திரையும் குத்தி வைத்துவிடுவேன். மண்டபத்தில் கையெழுத்து மட்டும். அன்று மண்டபம் மாறியது, பத்திரம் மாறவில்லை. சத்தியமாக எனக்கு அந்த நேரம் அது தோன்றவே இல்லை.

ஆக, கல்யாணம் நடந்த கரையில் எனக்கு அதிகாரம் இல்லை. எனக்கு அதிகாரம் இருக்கிற கரையில் கல்யாணம் நடக்கவில்லை.

"என்ர கரண்டு வேலை அட்டை ரெண்டு பக்கமும் செல்லும் ஐயா" என்றான் கேதீஸ். "ரெண்டு மாகாணமும் ஒப்பந்தம் போட்டு வைச்சிருக்கினம். உங்கட அக்கினியைத்தான் ஒருத்தரும் ஒப்பந்தத்தில சேர்க்கேல்லைப் போல."

"அந்த மதாமிட்டச் சொல்லாமல் விட்டிருக்கலாம், பிள்ளை" என்றேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன்.

"சொல்லியாச்சு ஐயா" என்றாள் நிரோஜினி. "வீட்டை எனக்கு எழுதலாமாம். காரை எழுதலாமாம். பெண்சாதி எண்டு மட்டும் எழுத ஏலாதாம். பொய்ப் பேப்பரை வைச்சுக்கொண்டு நான் அப்பிடி இருக்க மாட்டன். ஆராவது கேட்டால் என்ர முகமே காட்டிக் குடுத்திடும்."

மறுபடியும் கட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒன்ராறியோப் பதிவில் இருவரும் ஏற்கனவே புருசன் பெண்சாதி. நிரோஜினி ஒட்டாவா நகர மண்டபத்தில் போய்க் கேட்டதற்கு, "கல்யாணமானவர்களுக்கு எதற்குக் கல்யாண அனுமதி?" என்று சிரித்திருக்கிறாள் அங்கிருந்த பெண். கியூபெக் கரையிலும் அதே பதில். முதலில் பழைய பதிவை நீக்குவிக்க வேண்டும். அதற்கு நான் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். கிடைத்த நாளிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிழமையாகும் என்றார்களாம். பிறகு ஒரு காலையில் கேதீஸைப் பாலத்துக்கு அங்கால், ஒட்டாவாவுக்குக் கொண்டுபோனால் அரை மணித்தியால வேலை.

"இன்னொரு தரம் கேக்க வேணும் ஐயா" என்றான் கேதீஸ். "இந்த முறையும் ஓமெண்டு சொல்லுவாளோ தெரியாது. போன முறை எனக்குத் தலைமயிர் இருந்தது."

"இண்டைக்கே எழுதி அனுப்புறன்" என்றேன்.

எழுதினால் என் அட்டை என்னாகும் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பெப்ரவரி 4, புதன்

கடிதம் எழுத உட்கார்ந்தேன். அச்சு இயந்திரத்தில் மை இல்லை.

பெப்ரவரி 5, வியாழன்

பனி. பதினெட்டு சென்ரிமீற்றர். கடைக்குப் போகவில்லை. வேலைக்குப் போனேன்.

பெப்ரவரி 7, சனி

இன்று ஒரு கல்யாணம், எங்கள் கோவில் மண்டபத்திலேயே. மாப்பிள்ளையின் தாய் அணிந்திருந்த நகையோடு ஆற்றில் இறங்கினால் நேரே அடியில்தான் நிற்பாள். பெண்ணின் தகப்பன் மூன்று தரம் அழுதார், மூன்று தரமும் கமெராக்காரன் தயாரான பிறகு.

இளம் குருக்கள் பிரணவனும் வந்திருந்தார். காதில் மைக் மாட்டி, மணவறையைச் சுற்றி நடந்தபடி மந்திரத்துக்கு ஆங்கிலத்தில் விளக்கம் சொல்கிறவர். 'புளூடூத் குருக்கள்' என்று நான் வைத்த பெயர் ரொறன்ரோ வரை போயிருக்கிறது என்று கேள்வி. ஏறத்தாழ என் வாழ்நாள் சாதனை.

தாலி ஏறியதும் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். பெயருக்கு முன்னால் 'வண.' போட்டேன். எப்போதும் போடுவதுதான். இன்று கொஞ்சம் மெதுவாகப் போட்டேன். வானில் கிழவிகளுக்கு இடுப்புப் பட்டி மாட்டிவிடுகிற அதே கை.

மை வாங்க மறந்துவிட்டேன்.

பெப்ரவரி 8, ஞாயிறு

சியாமளாவுக்குக் கேதீஸைப் பார்க்க வேண்டும்போல் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் கிடந்த அவர்களின் கல்யாண ஒளிப்பதிவைத் தேடிப் போட்டாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

மண்டப வாசலில் கேதீஸின் தாய்மாமன் தருமலிங்கம் நிற்கிறார். என்னைக் கண்டதும், "ஐயா, பாலம் தாண்டி வந்திட்டியள். உங்கட லைசன்ஸ் இஞ்ச செல்லுமோ?" என்கிறார்.

என் குரல்: "அக்கினி பகவானிட்ட ஆரும் லைசன்ஸ் கேக்கிறேல்லை, தருமண்ணை!"

வாசலில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பட்டு வேட்டியில் கேதீஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். நல்ல பகிடி. சொன்ன நேரமும் சரி.

சியாமளா சிரிக்கவில்லை. "அந்த நேரம் தோன்றவே இல்லை எண்டெல்லே சொன்னனீங்கள்?" என்றாள்.

ஒளிப்பதிவில் சத்தம் அவ்வளவு தெளிவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

பெப்ரவரி 9, திங்கள்

மை வாங்கினேன். கறுப்புக்குப் பதிலாக நீலம். மாற்ற வேண்டும்.

பெப்ரவரி 10, செவ்வாய்

நிரோஜினி அழைத்தாள். பின்னால் ஏதோ இயந்திரம் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, அனுப்பிப்போட்டியளோ?"

"அனுப்பியாச்சுப் பிள்ளை."

"அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஐயாவைக் கரைச்சல்படுத்தாதே எண்டும் சொல்லுறார்."

நாளைக்குச் செய்யப்போவதை இன்று செய்ததாகச் சொன்னால் அது பொய்யில் சேராது; ஒரு நாள் முந்திய உண்மை. கடைவாய்ப் பல் வேறு வலிக்கிறது. பல் வைத்தியருக்கு அழைத்து நேரம் எடுத்தேன்.

பெப்ரவரி 12, வியாழன்

காலையில் சியாமளா மேலங்கி, சப்பாத்து எல்லாம் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்கை வெளிக்கிட்டனி?"

"தபால் கந்தோருக்கு. நீங்களும்தான்."

"மை—"

"பேனையால எழுதுங்கோப்பா. நான் நிக்கிறன்."

ஒரு பக்கம்தான் வந்தது. பத்து நிமிடம் பிடித்தது. இன்ன நாள், இன்ன மண்டபம், என் அதிகாரத்துக்கு வெளியே என்று எனக்குத் தெரியும், ஆனாலும் பத்திரத்தைத் திருத்தவில்லை. 'தெரியும்' என்ற சொல்லை எழுதியபோது அவள் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவுத் தபாலில் போட்டோம். திரும்பி வரும்போது எனக்குக் கோப்பி வாங்கித் தந்தாள், குழந்தைக்கு ஊசி போட்ட பிறகு மிட்டாய் வாங்கிக் கொடுப்பதுபோல.

பெப்ரவரி 14, சனி

என் அட்டையை எப்படியும் நிறுத்திவைப்பார்கள். ஆகவே கேதீஸுக்கும் நிரோஜினிக்கும் கட்டிவைக்க வேறு ஐயா வேண்டும். நூறு கிலோமீற்றருக்குள் இருப்பது ஒரே ஒருவர். புளூடூத்.

போனேன். பிரணவன் கதவைத் திறந்தார். முப்பத்து மூன்று வயது, வீட்டிலும் வேட்டி. எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. எனக்கு அது பழக்கமில்லாத மரியாதை.

"ஐயா, நீங்கள் எனக்கு வைச்ச பேர் எனக்குத் தெரியும்" என்றார்.

"பகிடிக்குத் தம்பி…"

"நல்ல பேர்தான். என்ர மகளும் அப்பிடித்தான் கூப்பிடுறாள். எந்த நாள் எண்டு சொல்லுங்கோ, வாறன். தட்சணை கதையெல்லாம் வேண்டாம்." பிறகு கேட்டார்: "கடிதம் எப்ப அனுப்பினீங்கள்?"

"போன கிழமை" என்றேன். முந்தாநாள் என்று வாயில் வரவில்லை.

"அப்ப இந்தா வந்திடும்" என்றார் சந்தோசமாக. தேத்தண்ணீர் தந்தார். சீனி கூட.

பெப்ரவரி 18, புதன்

வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேதீஸுக்கு இன்று நல்ல நாள். கதிரையில் இருந்தான். நிரோஜினி கொண்டுவந்த இட்டலியில் ஒன்றரை சாப்பிட்டிருக்கிறான். முகம் வழித்து, சட்டை போட்டிருந்தான். தாதி உள்ளே வந்து பார்த்துவிட்டு, இப்படியே இருந்தால் இவரை ஒரு சுற்று வெளியே கூட்டிக்கொண்டு போகலாம், ஒரு பிரச்சினையும் இல்லை என்றாள்.

"ஐயா, உங்கட வான் வெளியில நிக்குதோ?" என்றான். "ஏத்துங்கோ. பாலம் தாண்டிப் போயிட்டு வருவம். இண்டைக்கு நான் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறன்."

"பேப்பர் வரவேணுமே கேதீஸ்."

"பேப்பர் வராட்டிப் பரவாயில்லை. ஒத்திகை பாப்பம்."

மூவரும் சிரித்தோம். யன்னலால் ஆறு தெரிந்தது. மேலே பனிக்கட்டி, நடுவில் மட்டும் கறுப்பாய் ஒரு கோடு தண்ணீர். அதற்கு அப்பால் எங்கள் பக்கத்துக் கட்டடங்கள். கேதீஸ் அதைப் பார்த்துக்கொண்டு, "அந்தக் கரைக்கு வயர் இழுக்கிறதெண்டால் ஒரு நாள் வேலை" என்றான்.

நிரோஜினி கல்யாணக் கூறைச் சேலையைச் சலவைக்குக் கொடுத்து எடுத்து வைத்திருக்கிறாளாம். என்னை வெளியே கூட்டிவந்து சொன்னாள். அவனுக்குத் தெரியாதாம்.

பெப்ரவரி 19, வியாழன்

பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். மரியாதையான குரல். என் கடிதம் செவ்வாயன்று கிடைத்ததாம். விசாரணை முடியும்வரை நான் ஒரு திருமணமும் செய்துவைக்க முடியாது, அட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டும். பதிவை நீக்கும் வேலை தொடங்கிவிட்டது, நோயாளியின் நிலை தெரிந்ததால் அவசரமாகப் பார்க்கிறார்கள், அடுத்த கிழமை முடிந்துவிடும்.

"கொஞ்சம் முந்தினால் நல்லது" என்றேன்.

"எங்களால் இயன்ற வேகம் இதுதான், வணக்கத்துக்குரியவரே" என்றாள். அழைத்த காரணத்தை அவளே மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

அட்டையை உறைக்குள் வைத்தேன். கனமே இல்லாத சாமான்.

பெப்ரவரி 20, வெள்ளி

கேதீஸுக்கு மூச்சு விடக் கஷ்டம். இனி எங்கும் அசைக்க முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பதிவு நீங்கியதும் அந்த ஆஸ்பத்திரி அறையிலேயே கட்டிவைக்கக் கியூபெக் அதிகாரி ஒருவரைக் கூப்பிடலாம் என்று நொத்தாரிசு மதாம் தானாகவே முன்வந்தாளாம். அவள் எந்நேரமும் தயாராம். எல்லோரும் தயார்.

பெப்ரவரி 22, ஞாயிறு

காலை 6.40க்குக் கேதீஸ் போய்விட்டான்.

பெப்ரவரி 25, புதன்

கற்றினோவில் கேதீஸின் ஈமக்கிரியை. ஊரில் என்றால் இதற்கு வேறு ஐயாமார். இங்கே ஆள் இல்லை, எல்லாம் நான்தான். இதற்கு அட்டை தேவையில்லை. எந்த மாகாணமும் கேட்பதில்லை.

ஈமச்சடங்கு மண்டபத்து அலுவலர், நல்ல மனிதர், இறப்புப் பதிவுக்கு விவரம் கேட்டார். மணமானவரா? நிரோஜினியின் கைப்பை மடியில் இருந்தது. பழைய சான்றிதழ் அதற்குள் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். எடுத்து நீட்டியிருந்தால் அவர் மறுபேச்சில்லாமல் எழுதியிருப்பார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எடு பிள்ளை, எடு என்று என் கண்ணால் முடிந்தவரை சொன்னேன்.

"இல்லை" என்றாள் அவள், பிரெஞ்சில். கைப்பையின் பூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் அவள் பெயருக்கு எதிரே 'கூட வாழ்ந்தவர்' என்று எழுதிக்கொண்டார்.

தருமலிங்கம் அண்ணன் வந்திருந்தார். என்னிடம் பகிடி ஒன்றும் விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறேன்.

சங்கற்பத்தில் இறந்தவரின் பெயர், கோத்திரம், நட்சத்திரம் சொல்லி, இன்னாரைத் தர்மபத்தினியாக உடையவர் என்று வரும். ஒருமுறை சொன்னால் போதும். நான் மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம் பாதியில் நின்றுபோனது. பின்வரிசையில் நின்ற பிரணவன் எடுத்துச் சொன்னார், காதில் மைக் இல்லாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

வாய்க்கரிசி போட்டுவிட்டு நிரோஜினி என்னிடம் வந்தாள்.

"நீங்கள் சொன்னது எனக்கு விளங்கினது ஐயா."

"ஓம் பிள்ளை."

"அதை ஆரும் எழுதித் தருவினமோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போய் அவன் தாயின் பக்கத்தில் இருந்தாள்.

பெப்ரவரி 27, வெள்ளி

மத்தியானம் பதிவாளர் அலுவலகக் கடிதம் வந்தது. நிரோஜினிக்கு மூலம், எனக்குப் பிரதி. மேற்படி பதிவு நீக்கப்பட்டது; மேற்படி இருவரும் ஒருவரையொருவரோ வேறொருவரையோ மணம் செய்ய இனிச் சட்டத் தடை ஏதும் இல்லை. வாழ்த்து ஒன்றும் இல்லை, கையெழுத்து மட்டும். பிழையில்லாத கடிதம்.

மேசையில் வைத்தேன். சியாமளா எடுத்து வாசித்தாள். மேலே இருந்த திகதியை வாசித்தாள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே குசினிச் சுவரில் மாட்டியிருந்த கலண்டருக்கு முன்னால் போய் நின்றாள். விரலை ஒரு கட்டத்தில் வைத்து, பின்னுக்குப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டு போனாள். 12இல் ஒருதரம் நின்று, 3 வரை போனாள். மறுபடி முன்னுக்கு வந்தாள்.

என்ன பார்க்கிறாய் என்று நான் கேட்கவில்லை.